கவிழ்த்துப் போட்ட கல்

ஓட்டோக்காரர் படலைக் கதவடியில் நிறுத்தினார். இராசமலரின் சூட்கேசையும், தையல் மெசினையும், உரப்பையில் கட்டிய சட்டி பானைகளையும் இறக்கி மதிலோரம் வைத்தார். மெசினை மட்டும் விறாந்தை வரைக்கும் தூக்கித் தாருங்கோ என்று கேட்டதற்கு, "நாரி நோகுது அக்கா" என்றார். இவ்வளவு நேரமும் நோகாத நாரி! படலைக்குள் ஒரு கால் வைக்காமலே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு கோட்டைப் பக்கமாகப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பறங்கித்தெருவில் யாரைக் கேட்டாலும் அந்த வீட்டைக் காட்டுவார்கள்: பால் பொங்காத வீடு. குடிபுகும் நாளில் புதுப்பானையில் பால் காய்ச்சுவது ஊர் வழக்கம். பொங்கி வழிந்தால் வீடு ஆளை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் எல்லாரும் காய்ச்சித்தான் பார்த்தார்கள். பால் விளிம்பு வரை நுரைத்து எழும்பும். பிறகு யாரோ குனிந்து ஊதிவிட்டது போல அடங்கிப் போகும். ஒரு குடும்பமும் அடுத்த தைப்பொங்கலை அங்கே கண்டதில்லை. கடைசியாக இருந்த வங்கிக்காரர் வீட்டுத் திறப்பைக் கையில் கொடுக்கக்கூட வரவில்லை, தபாலில் அனுப்பிவிட்டார்.

ஆனால் அது இராசமலரின் சீதன வீடு. உறுதிப்பத்திரம் அவளுடைய பெயரில் இருந்தது. இடம்பெயர்ந்து போனபோது அவளுக்கு இளவயது. சாவகச்சேரி, வன்னி, முகாம், பிறகு வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை. கணவனை வன்னி மண்ணில் விட்டுவிட்டு வந்தவள். இத்தனை வருசமும் அடுத்தவர்களின் கதவுக்குப் பின்னால்தான் படுத்தெழும்பினாள். தன் கையால் திறந்து தன் கையால் பூட்ட ஒரு கதவு வேண்டும். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கும் ஆபத்து வந்திருந்தது. கனடாவிலிருந்து வந்து நின்ற தமையன் குகதாசன், ஹொட்டேல் கட்டவென்று ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தார்.

"மலர், விசர்க்கதை கதையாதை. பால் பொங்காத வீட்டிலை தனிப் பொம்பிளை இருந்து என்ன செய்யப்போறாய்? வித்துப்போட்டு நிம்மதியா இரு."

"என்ரை வீட்டிலை நான் இருக்கிறதுக்குப் பாலிட்டையோ அண்ணை உத்தரவு கேக்கவேணும்?"

"பொங்கேல்லையெண்டால் ஊரிலை ஒருத்தரும் உன்ரை வாசலுக்கு வராயினம். தைக்கவும் துணி தராயினம்."

"பொங்கவைக்கிறன். நீங்கள் பிளேன் ஏறமுதல் பொங்கேல்லையெண்டால் உறுதியிலை கையெழுத்து வைக்கிறன். போதுமோ?"

வாய்க்கொழுப்பு. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. ஆனால் விட்ட சொல்லை விழுங்குகிற சாதியில்லை அவள்.

ஆகவே மெசினை அவளே இடுப்பில் தாங்கித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர்கள். பாதியைச் சண்டைக்காலத்துச் செல்லடி கொண்டுபோக, மிச்சத்தோடு அவளுடைய ஐயா ஒட்டுப்போட்டுக் கட்டிய வீடு. வாசற்படியாக நீளக் கிடந்தது ஒரு கருங்கல். யாழ்ப்பாணத்து நிலத்தில் விளையாத கல் அது. மேல்பக்கம் கரடுமுரடு. அவள் அதன்மேல் கால் வைத்தாள்.

"ஹ்ம்ம்..."

நித்திரையில் புரண்டு படுக்கிறவர் விடுவதுபோல ஒரு மூச்சு. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

அவள் காலை எடுத்தாள். சத்தம் நின்றது. பண்ணைக் கடலிலிருந்து சாதாளைப் பாசி நாறிக்கொண்டு காற்று வந்தது. அந்த நாற்றத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. ஈரமண்ணும், அணைந்துபோன விளக்குத்திரியும் கலந்த மணம். பூட்டிக் கிடந்த வீட்டில் யார் திரி எரித்தது?

"ஆராயிருந்தாலும் கேட்டுக்கொள்," என்றாள் உரத்து. "நான் இராசமலர். வீட்டுக்காரி."

அவள் படியைத் தாண்டி உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை குசினியில் அடுப்பு மூட்டிப் பால் வைத்தாள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுரை எழும்பியது. விளிம்பைத் தொட்டது. இதோ, இதோ என்று அவள் கைகூப்பியபோது கையின்மேல் ஒரு குளிர் பட்டது. யன்னல் பூட்டித்தான் இருந்தது. அடுப்புச் சாம்பல் மெல்ல எழும்பிப் பறந்தது. நுரை நடுவில் குழிந்து, பால் அப்படியே கீழே இறங்கியது.

யாரோ ஊதியிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

"ஊதுறியோ? ஊது, ஊது. நாளைக்கும் பால் வாங்குவன்," என்று அகப்பையால் பானையில் தட்டினாள்.

பின்னேரம் மண்டபத்தில் மெசினை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். மேற்குப் பார்த்த வாசல். வெயில் கதவு வழியாக உள்ளே வந்து நிலத்தில் நீளச் சதுரமாய் விழுந்திருந்தது. அவள் கீழே பார்த்தபடியே ஒரு சட்டைக்கு விளிம்படித்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலுக்குள் ஒரு நிழல் விழுந்தது. தடி ஊன்றி, ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிற ஆள். காலிழந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அப்படி யாரோதான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"வாங்கோ, வந்து கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணி போட்டுத் தாறன்," என்று நிமிர்ந்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

நிலத்தில் நிழல் இருந்தது.

மெசின் நின்றுபோனது. அவளுடைய கால்தான் மிதிக்க மறந்துவிட்டது. நிழல் அசையவில்லை. தடியில் சாய்ந்து அப்படியே நின்றது. தலையில் கடகப்பெட்டி சுமந்ததுபோல அதற்கு ஓர் உயரம். வெயில் சாயச் சாய அந்த நிழல் நீண்டு, நிலத்தில் ஊர்ந்து ஊர்ந்து, அவளுடைய கதிரைக்காலுக்குக் கிட்டே தலையைக் கொண்டுவந்தது.

அவள் கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள்.

பயப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பயத்தில் தேவாரத்தின் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை. இந்தப் பட்டப்பகலிலேயே படலையைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடி? எங்கே? மறுபடியும் யாருடைய அறைக்கு? அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்கு மேலாகக் கோபம் வந்தது.

"என்ன மறிக்கிறாய்? கிபிர் வந்து குண்டு போட்டது, அதுக்கே நான் சாகேல்லை. முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்கு? போறதெண்டால் நீ போ!"

பொழுது கடலுக்குள் விழுந்தது. நிழலும் போனது. போகும்போது வாசற்படி ஒருமுறை மூச்சு விட்டது.

மறுநாளும் பால் பொங்கவில்லை. குகதாசன் தொலைபேசியில் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னாள். "நாளைக்கு இரவு எனக்குப் பிளேன். பின்னேரம் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வாறன், கையெழுத்துக்கு ஆயத்தமா இரு," என்று அவர் வைத்துவிட்டார். எரிச்சலில் அவள் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து வாசற்படியில் சளீரென்று ஊற்றினாள்.

தண்ணீர் வழிந்தோடவில்லை. கல்லின் ஓரத்து வெடிப்பால் உள்ளே இறங்கியது. சற்று நேரத்தில் அதே வெடிப்பால் குமிழிகள் மேலே வந்தன. பொளக். பொளக். தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிற ஆளின் வாயிலிருந்து வருவது போல.

"ஐயோ மாதாவே!" என்றது படலையடியில் ஒரு குரல்.

செபஸ்தியம்மா. குருநகரிலிருந்து மீன் கொண்டுவந்து இந்தத் தெருவில் வீடு வீடாக விற்கிறவள். அந்தக் காலத்திலிருந்தே தெரிந்தவள். மீன் சட்டியைத் தலையில் வைத்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்டனீங்களோ அக்கா?"

"கண்டன் பிள்ளை. உது மூச்சு முட்டுறவன்ரை குமிழியல்லோ. கடல்காரர் வீட்டுப் பொம்பிளைக்கு உது தெரியும்." சட்டியை மதிலில் இறக்கினாள். குரலையும் இறக்கினாள். "உந்தக் கல்லு என்ன கல்லெண்டு உனக்குத் தெரியாதோ? உங்கடை பங்கர் வாசலிலை கிடந்ததடி."

இராசமலருக்கு அது நினைவு வந்தது. கோட்டை உடைந்த நேரம், சனம் எல்லாம் போய்க் கல் பொறுக்கியது. பறங்கியர் கோயில்களை இடித்துக் கோட்டைக்குக் கொண்டுபோன கல், கோட்டை உடைந்ததும் வீடுகளுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் கல்லுக்கும் இடப்பெயர்வு உண்டு. ஐயாவும் வண்டில் பிடித்து ஒரு நீளக் கல்லைக் கொண்டுவந்து பதுங்குகுழி வாசலுக்கு மேலே குறுக்காகப் போட்டார். செல் விழுந்து வீட்டின் பாதி போன அன்று அவர்கள் எல்லாரும் அந்தக் கல்லுக்குக் கீழேதான் குந்தியிருந்தார்கள். கல் அசையவில்லை. இருட்டில் அதன் அடிப்பக்கத்தைத் தடவியபோது விரலில் ஏதோ மணிமாலை போலச் செதுக்கு வேலை தட்டுப்பட்டது அவளுக்கு.

"நீங்கள் வன்னிக்குப் போனபிறகு உங்கடை ஐயா திரும்பிவந்து பங்கரை மூடினவர்," என்றாள் செபஸ்தியம்மா. "கல்லை வீணாக்காமல் படிக்கு வைச்சவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான். 'சாமி உருவம் இருக்கு, அதிலை கால் படப்படாது, கவிட்டுப் போடுங்கோடா' எண்டு அவர்தான் சொன்னவர்."

மரியாதைக்காகத்தான். மனிதக் கால் படக்கூடாது என்பதற்காக முகத்தை மண்ணுக்குள் போட்டு, முதுகை மிதித்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு மரியாதை செய்ய வரும்.

"ஆளைக் கூட்டிவாங்கோ அக்கா. இண்டைக்கே கிளப்பவேணும்," என்றாள் இராசமலர்.

பின்னேரம் செபஸ்தியம்மாவின் மருமகன் கிறிஸ்ரோபர், தோணிக்காரர் நாலு பேரோடும் கயிறுகளோடும் ஓர் அலவாங்கோடும் வந்தான். அலவாங்கைக் கல்லின் கீழே கொடுத்து நெம்பினார்கள். ஏலேலோ போட்டு, கரைக்குத் தோணி இழுக்கிறமாதிரி இழுத்தார்கள். கல் வரமாட்டேன் என்றது. பிறகு ஒரே மூச்சில், அதுவாக எழும்புவது போல நிமிர்ந்தது. நாலு பேரும் பின்னால் விழப் பார்த்தார்கள்.

ஒரு காலை மடித்து, பெரிய கதாயுதத்தில் சாய்ந்து, உயர்ந்த முடியோடு நின்றான் அவன். வாயில் காவலன். கோயில் மூலவரின் வாசலில் நிற்கிறவன். காலிழந்த ஆள் என்று அவள் நினைத்த அதே நிழல்.

முகம் மட்டும் இல்லை. யாரோ உளி வைத்துக் கொத்தி, வெட்டுத் தெரிய, பலகைபோல மட்டமாக்கியிருந்தார்கள்.

"கொத்திப்போட்டுத்தான் கோட்டைக்குள்ளை வைச்சவங்கள், பாவியள்," என்று செபஸ்தியம்மா சிலுவை போட்டாள்.

கிறிஸ்ரோபர் அலவாங்கைப் பிடித்தபடி நின்றான். அவன் கல்லைப் பார்க்கவில்லை. கல் கிடந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரமண்ணில் உடம்பின் அச்சு அப்படியே இருந்தது. மடித்த கால், கதாயுதம், மார்பில் மணிமாலை. தலை கிடந்த இடத்தில்...

முகம்.

மூக்கு, கன்னம், அகலத் திறந்த கண்கள். முகமே இல்லாத கல் மண்ணில் முகம் பதித்திருந்தது. அதன் உதடுகள் குவிந்திருந்தன.

ஊதுகிறவனின் உதடுகள்.

அலவாங்கு கிறிஸ்ரோபரின் கையிலிருந்து நழுவி விழுந்தது. "அக்கா," என்று கிசுகிசுத்தான், "திருப்பிக் கவிட்டு விடுவம். ஒண்டும் காணேல்லையெண்டு விட்டிட்டுப் போவம்."

"போனியெண்டால் என்ரை மோளிட்டை வராதை," என்றாள் செபஸ்தியம்மா. ஆனால் அவளும் இரண்டு அடி பின்னால்தான் நின்றாள்.

இராசமலர் குழியின் ஓரத்தில் குந்தினாள். அந்த மண்முகத்தின் கண்ணை நேரே பார்த்தாள்.

"இஞ்சை பார். கோயில் வாசலிலை நிண்டனீ, இடிச்சாங்கள். முகத்தைக் கொத்தினாங்கள். கோட்டைச் சுவருக்கை வைச்சுக் கட்டினாங்கள். அதுவும் உடைஞ்சு எங்கடை பங்கருக்கு வந்தனீ. எங்களைச் சாகவிடேல்லை. அதுக்கு நாங்கள் செய்த கைம்மாறு உது. தப்புத்தான். இனி உன்னை ஒருத்தரும் கவிட்டாயினம், நான் விடமாட்டன்." மூச்சு எடுத்துக்கொண்டாள். "ஆனால் ஒண்டு. என்னையும் ஊர் ஊரா எழுப்பித்தான் விட்டவங்கள். இது என்ரை வாசல். காவல் நிக்கிறதெண்டால் எனக்கு நில். என்னை மறிக்கிறதெண்டால் இப்பவே சொல்லு, உவங்களைக் கொண்டு பண்ணைக் கடலிலை போடுறன்."

தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. காற்றுக்கூட அசையவில்லை.

"நிமித்துங்கோ," என்றாள்.

வாசலின் வலப்பக்கம், தெருவைப் பார்த்தபடி, சுவரோடு சேர்த்து நிறுத்திச் சீமெந்து போட்டார்கள். வேலை முடிந்ததும் ஐந்து பேரும் கூலிக்கும் நிற்காமல், அலவாங்கையும் மறந்துவிட்டு வெளிக்கிட்டார்கள். செபஸ்தியம்மா மட்டும் போகும்போது திரும்பி, "பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேணும் பிள்ளை. கவனம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இராசமலர் குழியை மண் போட்டு மூட வந்தாள். உடம்பின் அச்சு இருந்தது. தலை கிடந்த இடம் தட்டையாக இருந்தது. முகத்தைக் காணவில்லை. அது எங்கே போனது என்று அவள் தேடவில்லை.

காலையில் பால் வைத்தாள். நுரை எழும்பி விளிம்பைத் தொட்டது. அவள் கையைக் கூப்பாமல் முஷ்டியாகப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊதடா பார்ப்போம் என்பதுபோல. பால் நின்றது. ஒரு கணம் யோசித்ததுபோல நின்றது. பிறகு நாலு பக்கமும் குபுகுபுவென்று பொங்கி வழிந்து, அடுப்பைச் சீறி அணைத்து, நிலமெல்லாம் ஓடியது. இராசமலர் அந்தப் பாலுக்குள்ளேயே குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். வன்னியில்கூட அவள் அப்படி அழுததில்லை.

பின்னேரம் வான் வண்டியொன்று வந்து நின்றது. குகதாசனும் ஹொட்டேல்காரரும் இறங்கிப் படலையைத் திறந்தார்கள். அவள் மண்டபத்தில் மெசினில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"பொங்கினது அண்ணை! அடுப்பே அணைஞ்சுபோச்சு. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"சும்மா சொல்லாதை மலர்."

"வந்து குசினியைப் பாருங்கோவன்."

ஹொட்டேல்காரருக்கு வாசலில் நின்ற கல் கண்ணில் பட்டுவிட்டது. "வீடு இல்லாட்டிப் பரவாயில்லை. உந்தச் சிலையைத் தருவியளோ? எங்கடை லொபியிலை வைச்சால் வெள்ளைக்காரர் படமெடுப்பினம்," என்றபடி கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தார்.

"ஏலுமெண்டால் தொட்டுத் தூக்குங்கோ," என்றாள் இராசமலர்.

காலடிச் சத்தம் வாசலுக்குக் கிட்டே வந்தது. நின்றது. பிறகு ஒருவர் பின்பக்கமாகவே நடந்து போகிற சத்தம். படலை தடாரென்று அடித்துக்கொண்டது. வான் இயங்கத் தொடங்கியது.

குகதாசன் மட்டும் முற்றத்தில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"மலர்," என்றார் மெதுவாக. "அவையளை விலகச் சொல்லு. நான் உள்ளுக்கை வரேல்லை. உன்னோடை ஒரு சொல்லுக் கதைச்சிட்டுப் போறன்."

"ஆரை அண்ணை?"

"வாசலிலை நிக்கிற ரெண்டு பேரையும்."

இராசமலர் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். வெயிற்சதுரத்தின் வலப்பக்கம் அவளுக்குத் தெரிந்த நிழல். இடப்பக்கம் இன்னொன்று. அதே உயரம், அதே முடி. மடித்தது மட்டும் மற்றக் கால். கோயில் வாசலில் காவலுக்கு எப்போதும் இரண்டு பேர்தானே. அவள் நிறுத்தியது ஒரு கல்.

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் அவள் எழும்பவில்லை.

"அவையள் விலகாயினம் அண்ணை. எங்கடை வீட்டு ஆக்கள்."

குகதாசன் போன பிறகு, பொழுதும் விழுந்த பிறகு, அவள் வாசலுக்கு வந்து இடப்பக்கம் பார்த்தாள். வெறும் சுவர். ஒல்லாந்தர் காலத்துத் தடித்த பழஞ்சுவர், எந்தச் செல்லும் சாய்க்காதது. இடித்த கோயிற்கல் எல்லாம் கோட்டைக்குத்தான் போனதோ? காதை அதில் வைத்தாள். சுண்ணாம்பு குளிர்ந்தது. உள்ளே, வெகு உள்ளே, ஈரத்திரி மணத்தோடு மெல்ல வந்தது.

"ஹ்ம்ம்..."

இராசமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிறிஸ்ரோபர் விட்டுப்போன அலவாங்கைக் கையில் எடுத்தாள்.

"பொறு," என்றாள் சுவரைப் பார்த்து. "உன்னையும் எடுக்கிறன்."